மிஸஸ் க்ராதர்ஸின் காலிப் பெட்டி

ஆல்டர் ரன், பென்சில்வேனியா
29 ஜனவரி 1984

அன்புள்ள ரோவீனா அக்காவுக்கு,

தங்கை நெல்டா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். பனி விடும்வரை அப்பாவின் முதுகுவலியும் விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலை மூடியதிலிருந்து அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற கார்களுக்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் ரஸ் அத்தானும் சுகந்தானே?

முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் என் வேலை போய்க்கொண்டிருக்கிறது. படுக்கை விரிப்புகள் பேசுவதில்லை, அதனால் எனக்குப் பிடித்த வேலை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிறாயா என்று போதகர் லாங்மூர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன். ஆம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் வருகிறது. ஆலயத்தில் புதன்கிழமைச் சூப் விருந்துகளுக்கு ஆள் சேர்க்கிறார்கள். மேசை விரிக்கவும் ரொட்டி கொடுக்கவும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். "அந்தச் சமையக்கட்டுக்குள்ள மறுபடி காலு வைக்கப் போறியா நீ?" என்று அப்பா கேட்டார். வைக்கத்தான் போகிறேன்.

போன லெந்தில் அங்கே நடந்ததை உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். இப்போது அம்மா இல்லை. எழுதுகிறேன்.

கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அம்மா பார்லி சூப்பை விட்டுக்கொடுக்கவில்லை. நான் நறுக்கிக் கொடுப்பேன், அவள் கிளறுவாள். அந்தப் புதன்கிழமை பரிமாறும்போது கரண்டி அவள் கையிலிருந்து நழுவி, கொஞ்சம் சூப் தரையில் சிந்தியது. அவ்வளவுதான். சபையார் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சமையலறைப் பொறுப்பு மிஸஸ் க்ராதர்ஸுடையது, உனக்குத் தெரியும். அவள் வந்து, மூடியைத் திறந்து பார்த்து, "ஜெசி, இந்தக் கையால கிண்டினதை யாரு குடிப்பாங்க?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். பார்லி போய்க் குழாயை அடைத்துக்கொண்டது. அதற்கும் அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா தொட்டிக்கு அடியில் மண்டி போட்டு, குழாயைக் கழற்றி, அந்த விரல்களால் பார்லியை ஒவ்வொரு பிடியாக வழித்து எடுத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரொட்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு அம்மா ஆலயத்துக்கு வரவே இல்லை. அக்டோபரில் பெட்டியில்தான் வந்தாள். அடக்கத்துக்கு மிஸஸ் க்ராதர்ஸ் பன்றித்தொடை வாட்டிக் கொண்டுவந்தாள். ரொம்ப நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் தொடவில்லை.

ஈஸ்டருக்காவது வருவாயா, அக்கா? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
நெல்டா

*

ஸ்போக்கேன், வாஷிங்டன்
17 பிப்ரவரி 1984

அன்புள்ள நெல்டாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். நான் சுகம். ரஸ்ஸும் சுகம், உன்னை விசாரித்தார். அப்பாவை வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளச் சொல்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு தடவை படித்தேன். ஞாயிறு பள்ளியில் எனக்குப் பத்துக் கட்டளைகளையும் சொல்லிக்கொடுத்தவள் அந்த மிஸஸ் க்ராதர்ஸ்தான். அவளை நினைத்தால் இப்போது பல் கூசுகிறது.

வேறு என்ன எழுத? காதலர் தினத்துக்கு ரஸ் கடைக்கே ரோஜாக் கொத்து அனுப்பிவிட்டார். துணிக்கடைப் பெண்கள் எல்லாரும் வந்து அட்டையை வாங்கிப் படித்தார்கள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. போன மாதம்தான் நீலக் கோட்டு ஒன்று வாங்கித் தந்தார், பித்தளைப் பொத்தான் வைத்தது. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்?

ஈஸ்டருக்கு வருவதைப் பற்றி அவரிடம் பேசிப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

அன்புடன்
ரோவீனா

*

ஆல்டர் ரன்
5 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு வெந்நீர்ப் பை பிடித்துப்போய், இப்போது இரண்டு கேட்கிறார். நீலக் கோட்டில் உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நேற்று ஆராதனை முடிந்ததும் ஜெபத்துணைச் சீட்டு எடுத்தோம். நீ போன பிறகு வந்த வழக்கம் இது. காப்பி டப்பாவில் எல்லார் பெயரும் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்களுக்காக லெந்து முழுவதும் ஜெபம் பண்ண வேண்டும். வாரம் ஒரு சின்னப் பரிசை, பெயர் போடாமல், அவர்கள் பெட்டியில் வைக்க வேண்டும். கூடத்துக்குப் போகிற வழியில் சுவரோடு இருக்கிறதே மரப்பெட்டி அடுக்கு, அதேதான், இன்னும் கதவு கிடையாது. புதன்கிழமை சூப் குடித்த பிறகு அவரவர் பரிசை மேசையிலேயே பிரித்துக் காட்டுவார்கள். ஈஸ்டர் காலை விருந்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தான் யாருக்குத் துணையாக இருந்தோம் என்று சொல்லி, ஒரு பூந்தொட்டி கொடுக்க வேண்டும்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே மிஸஸ் க்ராதர்ஸ்தான். "யாரு பெட்டியும் காலியா இருக்கக் கூடாது, அது சபைக்கே அவமானம்" என்று நேற்றும் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள்.

நான் சீட்டை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர் பர்விஸ் இருக்கிறாரே, "பிரிச்சுப் பாரும்மா, அது கடிக்காது" என்றார்.

பிரித்தேன். வில்லா க்ராதர்ஸ்.

அக்கா, நாம் பிரஸ்பிட்டேரியன்கள். தற்செயல் என்று ஒன்று இல்லை, எல்லாம் உலகம் உண்டாகுமுன்னே குறிக்கப்பட்டது என்று படித்து வளர்ந்தவர்கள். அப்படியானால் அந்தச் சீட்டை என் கையில் வைத்தவர் யார்? நான் இரவல் வாங்கவில்லை, மாற்றவில்லை. கர்த்தரே அவளை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்யப் போவதில்லை. எனக்கு நன்றாக வருகிற காரியம் அது ஒன்றுதான்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

நெல்டா

*

ஸ்போக்கேன்
10 மார்ச் 1984

என் அன்பு நெல்டா,

நலம். உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பேச வாயே திறக்காத பிள்ளை என்று உன்னைச் சொல்வார்களே, அவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அப்படியே செய். ஒரு மிட்டாய்கூட வைக்காதே. பாவம் பார்த்துவிடுவாய் என்றுதான் எனக்குப் பயம். மனசு இளகினால் தொட்டிக்கு அடியில் அம்மா மண்டி போட்டதை நினைத்துக்கொள்.

ஒவ்வொரு வாரமும் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுது. ஒன்றையும் விடாதே.

ரஸ் ஊரில் இல்லை, வேலையாகப் போயிருக்கிறார். அடுத்த வாரம் என் பிறந்தநாளுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்
ரோவீனா

*

ஆல்டர் ரன்
22 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பிறந்தநாள் வாழ்த்துகள். தாமதத்துக்கு மன்னித்துவிடு. அப்பா கொஞ்சம் நடக்கிறார். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று அவள் பெட்டி காலி. எல்லாரும் பிரித்தார்கள்: மெழுகுவர்த்தி, விதைப் பொட்டலம், கை பின்னிய கோப்பை உறை. எனக்குப் புதினா மிட்டாய் வந்தது. பர்விஸின் சட்டைப்பையிலும் அதே வாசனைதான், ஆகவே என் துணை யார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது; தெரிந்துவிட்டது என்று அவருக்கு மட்டும் தெரியாது. மிஸஸ் க்ராதர்ஸ், "முதல் வாரம்தானே, மறந்திருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாவது புதனும் காலி. அன்று அவள் சிரிக்கவில்லை. ரொட்டி தடிமனாக நறுக்கியிருக்கிறது என்று என்னைக் கடிந்தாள். பர்விஸ் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வில்லா, உன் துணை கத்தோலிக்கரா மாறிட்டாங்களோ என்னவோ" என்றார். கூடமே சிரித்தது. அவள் எழுந்து, காலியாகாத கோப்பைகளுக்கெல்லாம் காப்பி ஊற்றினாள். பிறகு என் பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "யாருக்கு என் பேரு வந்துச்சுன்னு தெரியல. எதுக்காவது கோபமா இருக்காங்களோ" என்றாள். நான் தட்டைத் துடைத்தேன். அக்கா, அந்தத் தட்டை நான் அவ்வளவு பளபளப்பாகத் துடைத்தேன்.

ஆனால் நேற்று, மூன்றாவது புதன், அவள் பெட்டியில் ஒரு பரிசு இருந்தது. பிளம் ஜாம் பாட்டில், கழுத்தில் மஞ்சள் ரிப்பன். அவள் அதை உயர்த்திக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ இரக்கப்பட்டு நடுவில் புகுந்திருக்கிறார்கள். என் ஆளுக்கு நான் கொடுப்பதைக் கெடுக்க இவர்கள் யார்?

ஈஸ்டரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. அத்தான் ஊர் திரும்பிவிட்டாரா?

நெல்டா

*

ஸ்போக்கேன்
27 மார்ச் 1984

அன்புள்ள நெல்டாவுக்கு,

நான் சுகம். உன் சளிக்கு எலுமிச்சையும் தேனும் குடி.

பிறந்தநாள் நன்றாகப் போனது. மாடிவீட்டுக்காரர்கள் கேக் வாங்கி வந்து ஆச்சரியப்படுத்தினார்கள், என் பெயர் ரோஜா நிறத்தில் எழுதியது. மீதியைக் கடைக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் கொடுத்தேன். ரஸ் ஒரு கைக்கடிகாரம் தந்தார்.

ஜாம் வைத்தது போதகரின் மனைவியாக இருக்கும். அந்த மாதிரி ஆட்களுக்கு அடுத்தவர் தண்டனை பொறுக்காது. சீக்கிரமே போய்க் கவனி. யார் என்று தெரிந்தால் தடுக்க வழி பார்க்கலாம். தெரிந்ததும் எனக்கு எழுது, இங்கே எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

அன்புடன்
ரோவீனா

*

ஆல்டர் ரன்
5 ஏப்ரல் 1984

அன்பு அக்கா,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துவிடு. யார் என்று தெரிந்துவிட்டது.

நேற்று மேசை விரிக்க மதியமே போய்விட்டேன். கோட்டு மாட்டும் அறையில் நின்றிருந்தேன். முன்கதவு திறந்தது. மிஸஸ் க்ராதர்ஸ். பெட்டி அடுக்குக்கு முன்னால் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள். பைக்குள்ளிருந்து மஞ்சள் ரிப்பன் கட்டிய பொட்டலத்தை எடுத்துத் தன் பெட்டியிலேயே வைத்தாள். ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தாள். ரிப்பன் வெளியே தெரியவில்லை போலிருக்கிறது. திரும்ப வந்து, தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் அதே பொட்டலத்தை அவள் பிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "லாவெண்டர் சோப்பு. எனக்குப் பிடிச்சதுன்னு எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்றாள். கண்கூடக் கலங்கியது. மோந்து பார்க்கச் சொல்லி மேசையைச் சுற்றிக் கொடுத்தாள். என் முறை வந்தது. "நல்ல வாசனை" என்றேன். ஒரு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

நினைத்துப் பார், அக்கா. தானே கடைக்குப் போய், தானே வாங்கி, தானே ரிப்பன் கட்டி, பிறகு நாலு பேர் முன்னால் ஆச்சரியப்படுவது. ஒருத்தருக்கும் வேண்டாதவளாகப் போனதை மறைக்க ஒரு பெண் இவ்வளவு கீழே இறங்குவாளா? புருஷன் போய்விட்டான், டெக்சஸில் இருக்கும் மகன் எட்டிப்பார்ப்பதில்லை, சரி. அதற்காக இப்படியா? இதைவிடக் கேவலம் உண்டா? துணிகளை மடிக்கும்போதெல்லாம் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நீயும் அத்தானும் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

உடனே பதில் போடு.

நெல்டா

*

ஆல்டர் ரன்
16 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியில்லையா? அப்பாவும் கேட்கிறார். தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அவர் நடையும் சரியில்லை என்கிறார்.

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. வரும் ஞாயிறு விருந்தில் நான் எழுந்து நிற்க வேண்டும். எனக்கு அது எப்படி என்று உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் சங்கீதம் ஒப்பிக்கச் சொன்னபோது மயங்கி விழுந்தவள் நான். இந்த முறை விழ மாட்டேன். இரண்டே வாக்கியம் வைத்திருக்கிறேன். சலவை எந்திரம் ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிச் சொல்லிப் பழகுகிறேன்.

அவள் வாராவாரம் பரிசு வைத்துக்கொள்கிறாள். போன புதன் பூப்போட்ட கைக்குட்டை. தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு எல்லார் முன்னாலும் செய்தாள். இவளுக்கும் எல்லார் முன்னாலும்தான்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது, அக்கா. போதும்.

நெல்டா

*

ஆல்டர் ரன்
22 ஏப்ரல் 1984, ஈஸ்டர் மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த நாள் வாழ்த்துகள். உன் கடிதம் வரவில்லை. நான் செய்துவிட்டேன்.

கூடத்தில் லில்லிப் பூ அலங்காரம், முட்டை, தொத்திறைச்சி, எல்லாம் வழக்கம்போல. பர்விஸ் எழுந்து எனக்குப் பூந்தொட்டி கொடுத்து, "நான்தான்னு கண்டுபிடிச்சிருக்கவே மாட்டே" என்றார். எல்லாரும் அவருக்காகச் சிரித்தார்கள். பிறகு என் முறை.

நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். குரல் வந்தது. "நான் மிஸஸ் க்ராதர்ஸோட ஜெபத்துணை. நான் அவங்களுக்கு ஒண்ணுமே கொடுக்கலை."

மிஸஸ் க்ராதர்ஸ் போதகரின் கோப்பையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். போதகர் என்னை உட்காரச் சொல்லலாமா என்று பார்த்தார். பர்விஸ்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், "அப்ப அந்த ஜாம், சோப்பு எல்லாம் யாரு வச்சது?" என்று கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். நான் பார்ப்பதைக் கண்டு எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, காப்பி மேசை விரிப்பில் பரவி, விளிம்பில் சொட்டியது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொண்டதை நான் பார்த்தேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படிச் சொல்லவில்லையோ அப்படியே.

பிறகு அவள் துணி எடுத்து வந்து மேசையைத் துடைத்தாள். தரையைத் துடைக்க மண்டி போட்டாள்.

மண்டி போட்டாள், அக்கா. அதே தரை.

சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு நான் பூந்தொட்டி கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்து, அப்பாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்து, நானும் இரண்டு சாப்பிட்டேன்.

நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்.

நெல்டா

*

ஸ்போக்கேன்
18 ஏப்ரல் 1984

நெல்டா,

ஈஸ்டருக்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும் என்று ஜெபிக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எழுந்து நின்று அதைச் சொல்லாதே. அவளுக்கு வேறு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடு. அதை மட்டும் வேண்டாம்.

கேவலம் என்று எழுதியிருந்தாய். அப்படிச் செய்கிறவர்கள் நேராகக் கடைக்குள் போய்விடுவதில்லை. இரண்டு தடவை கடந்துபோவார்கள். அட்டையில் என்ன எழுதட்டும் என்று பூக்கடைப் பெண் கேட்பாள். நீங்கள் எழுத வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கி, கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதுவார்கள். கேக் கடையில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது, தெரிந்தவள் ஒருத்திக்கு என்று சொல்வார்கள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள், ஏன் என்றால் நாலு பேர் கேட்காவிட்டால் அதை வாங்கியதற்கே அர்த்தமில்லை. அந்த நேரத்தில் யாராவது எழுந்து நின்று இது பொய் என்று சொன்னால், அடுத்த நாள் எப்படி எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அவள் செய்ததை நான் மறக்கவில்லை. அடக்கத்துக்கு நான் வராததையும் மறக்கவில்லை. பனியால் வர முடியவில்லை என்று அப்போது எழுதினேன், பனியே இல்லாத அக்டோபரில்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்.

ரோவீனா

*

ஆல்டர் ரன்
14 மே 1984

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமைதான் வந்தது. எழுதியதை வெள்ளிக்கிழமை வரை கைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறாய், தபால் முத்திரை அப்படிச் சொல்கிறது. அதற்குள் நான் எழுதியதும் உன் கைக்கு வந்திருக்கும். பதில் எழுத எனக்கு இத்தனை நாளானது. அப்பா நலம், வாசல்வரை நடக்கிறார்.

முதலில் மிஸஸ் க்ராதர்ஸ். ஈஸ்டருக்கு அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் ஆராதனைக்கு வரவில்லை. கூடத்தில் காப்பியும் இல்லை, பெரிய பாத்திரத்தின் மூடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அம்மா உட்காரும் வரிசையில் ஒரு இடம் காலி, அவள் வரிசையில் ஒரு இடம் காலி. நான் கேட்டது கிடைத்துவிட்டது. சலவைக்கூடத்தில் பழகிய அந்த இரண்டு வாக்கியமும் எந்திரம் ஓடும்போதெல்லாம் தானாக வாய்க்குள் வந்துகொண்டிருந்தது, நிறுத்தத் தெரியவில்லை.

அதனால் முந்தாநாள் அம்மாவின் பார்லி சூப்பை வைத்தேன். அம்மாவின் பானையிலேயே. தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைக்காதே. கதவைத் திறந்தவள், "இன்னும் ஏதாவது சொல்ல பாக்கி இருக்கா?" என்றாள்.

"எங்கம்மா சூப்பு. குடிங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பவே. நான் நின்னு பாக்கணும்."

உள்ளே போனாள். நானும் போனேன். சமையலறை ஜன்னலில் அந்த லாவெண்டர் சோப்பு, பிரித்த காகிதத்தோடு அப்படியே இருந்தது. அவள் கிண்ணம் எடுத்து, தானே ஊற்றி, உட்கார்ந்து குடித்தாள். கடைசிக் கரண்டிவரை நான் நின்று பார்த்தேன். கிண்ணத்தை வைத்துவிட்டு, "உங்கம்மா இன்னும் கொஞ்சம் மிளகு போடுவா" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. கொட்டறதுக்கு முன்னாடி ருசி பாத்தேன்" என்றாள்.

அப்புறம் ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரும் உங்கம்மா பானைகிட்டதான் வரிசையில நிப்பாங்க. என்னோடது எப்பவும் அப்படியே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் நானே குடிப்பேன்."

அவ்வளவுதான் காரணம், அக்கா. இதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கலாம்.

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பானையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பர்விஸ் முன்னால் இருந்து எழுந்து போய், கேட்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிட்டாய்ப் பையை நீட்டினார். முடிந்ததும் அவள் நேராக அலமாரிக்குப் போய் மூடியை எடுத்தாள். நான் கோப்பைகளை எடுத்து வைத்தேன்.

இனி உன் விஷயம். வரும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சலவைக்கூடத்தில் லீவு சொல்லியாகிவிட்டது. அப்பாவுக்கு பர்விஸ் துணையிருப்பார், இரண்டு பேரும் சேர்ந்து கார்களைத் திட்டட்டும். மூன்று நாள் பயணம், பக்கத்து இருக்கையில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று நினைத்தாலே கை வேர்க்கிறது. இருந்தாலும் வருகிறேன். பானையையும் பார்லியையும் கொண்டுவருகிறேன். எல்லாவற்றின் மேலும் அனுப்புபவர் நெல்டா என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், வலது கையால். கடைப் பெண்களிடம் காட்டலாம்.

திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்கு நீ மட்டும் வந்தால் போதும். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வா. கூட்டத்தில் அடையாளம் தெரியும். அது யார் வாங்கித் தந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

உன் தங்கை
நெல்டா